புதுப் பாம்பு கைக்குப் பழக எத்தனை நாள் விட வேண்டும்?

மண்டபத்தான்:

எல்லோருக்கும் வணக்கம். மண்டபத்தில் இருந்து எழுதுகிறேன். நாலு நாளுக்கு முன்னால் முதன்முதலாக ஒரு பாம்பு வாங்கினேன். பால் பைத்தான். பயந்தால் பந்து மாதிரி சுருண்டுகொள்ளுமே, அந்த ஆப்பிரிக்க மலைப்பாம்பு. எட்டு மாதக் குட்டி, இரண்டடி நீளம், எடை 300 கிராம். சென்னையில் வளர்ப்பவர் ஒருவரிடம் ரசீதோடு வாங்கினேன். துணிப்பையில் விட்டு, பையைப் பெட்டிக்குள் வைத்து, நண்பனின் காரில் ஒரு ராத்திரி முழுக்கப் பயணம்.

வந்த அன்றே தூக்கிப் பார்த்தேன். தலையை உள்ளே இழுத்துச் சுருண்டுவிட்டது. இரண்டாம் நாள் கை வைத்ததும் சீறியது. நேற்று மேல் மூடியைத் திறந்து எடுக்கப் போனேன், கழுத்தை வளைத்து ஒரே கொத்து. படவில்லை. ஆனால் அரை மணி நேரம் எனக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை.

தினமும் எடுத்தால்தான் பழகும் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். எனக்கோ எடுக்க எடுக்க இது அதிகமாகப் பயப்படுவது போலத் தெரிகிறது. என்ன தப்பு செய்கிறேன்? அப்பத்தா இந்த அறைப் பக்கமே வர மாட்டேன் என்கிறார். அவருக்காகவாவது இது சீக்கிரம் பழக வேண்டும்.

முத்துச்சிப்பி:

தம்பி, கீழக்கரையில் இருந்து எழுதுகிறேன். துபாயில் வேலை பார்த்த காலத்தில் இருந்து பால் பைத்தானும், கார்ன் பாம்பு என்கிற விஷமில்லாத அமெரிக்கப் பாம்பும் வளர்க்கிறேன். உங்கள் கண்ணுக்குத் தெரிந்ததுதான் சரி, வீடியோ சொன்னது தப்பு. முதலில் மூடியை மூடிவிட்டு ஒரு வாரம் கை வைக்காமல் இருங்கள். தண்ணீர் மாற்றுவது, கழிவை எடுப்பது, அவ்வளவுதான்.

அதன் பக்கம் இருந்து பாருங்கள். அது கானா, டோகோ, பெனின் பக்கத்துப் பாம்பு. பகல் முழுக்க எலி வளையிலும் கரையான் புற்றிலும் கிடந்துவிட்டு ராத்திரியில் வெளியே வரும். வெட்டவெளியில் அதற்கு மேலே இருந்து வருவது பருந்தும் கழுகும்தான். மேல் உதட்டில் சின்னச் சின்னக் குழிகள் தெரிகிறதா? வெப்பத்தை உணரும் குழிகள் அவை. உங்கள் கை அதற்கு மேலே இருந்து இறங்கும் ஒரு சூடான பொருள். ஒன்று தன்னைத் தின்ன வருவது, இல்லையென்றால் தான் தின்ன வேண்டியது. இரண்டுக்கும் பதில் கொத்துவதுதான். இடமும் புதுசு, வாசனையும் புதுசு, ராத்திரி முழுக்கக் காரில் குலுங்கி வந்த களைப்பு வேறு.

ஒரு வாரம் கழித்து இரை கொடுங்கள். உறைய வைத்த எலியை நன்றாக உருக வைத்து, வெந்நீரில் வைத்துச் சூடாக்கி, இடுக்கியில் பிடித்துக் கொடுக்க வேண்டும். 300 கிராம் குட்டிக்கு 30 முதல் 40 கிராம் எலி போதும். உயிருள்ள எலியை உள்ளே விட்டுவிட்டுப் போகாதீர்கள், பாம்பைக் கடித்துக் குதறிவிடும். இரண்டு தடவையாவது தயங்காமல் சாப்பிட்ட பிறகுதான் கையில் எடுப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும். இரை எடுக்கிறது என்றால் அந்த இடத்தில் தன் உயிருக்கு ஆபத்தில்லை என்று அதற்குப் பட்டுவிட்டது.

அது சரி, பெட்டிக்குள் என்னென்ன வைத்திருக்கிறீர்கள்? ஒளிந்துகொள்ள எத்தனை இடம்? சூடு எவ்வளவு?

தொண்டிக்கரை:

முத்துச்சிப்பி அண்ணன் சொல்வதை நான் முழுதாக ஏற்க மாட்டேன். என் கார்ன் பாம்பை வந்த இரண்டாம் நாளில் இருந்து தினமும் பத்து நிமிடம் கையில் எடுத்தேன். முதலில் ஓடியது, வாலை ஆட்டியது, கையில் நாற்றமாகக் கழிந்தது. பதினைந்து நாளில் எல்லாம் நின்றுவிட்டது. ஐந்து வருடமாக ஒரு கடி கிடையாது. பயப்படுகிறதே என்று விட்டுக்கொண்டே போனால் அது பயந்த பாம்பாகவே வளரும். மாட்டையும் நாயையும் தொட்டுத் தொட்டுத்தானே பழக்குகிறோம்?

முத்துச்சிப்பி:

தொண்டிக்கரைத் தம்பி, உங்கள் அனுபவத்தை நான் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் கார்ன் பாம்பு வேறு, இது வேறு. கார்ன் பாம்பு சுறுசுறுப்பான ஜாதி, பசித்தால் பயத்தை மறந்துவிடும். பால் பைத்தான் மனம் ஒடிந்தால் இரையை நிறுத்திவிடும். மாதக்கணக்கில் வாயைத் திறக்காமல் கிடக்கும். நானே ஆரம்பத்தில் தினமும் எடுத்து, ஒரு குட்டி நாலு மாதம் பட்டினி கிடந்ததைப் பார்த்தவன். ஒவ்வொரு வாரமும் எடை போடும்போது என் வயிறு கலங்கியது.

இன்னொன்றை மனசில் வையுங்கள். அடங்கிப்போவதும் பழகுவதும் ஒன்றில்லை. கையில் இறுகச் சுருண்டு அசையாமல் இருக்கும் பால் பைத்தானை, பார் எவ்வளவு சாது என்று காட்டுவார்கள். அது சாதுவாக இல்லை, தப்பிக்க வழியில்லை என்று கிடக்கிறது. பழகிய பாம்பு அவிழ்ந்து நகரும், நாக்கை நிதானமாக நீட்டி நீட்டிக் கையை மோந்து பார்க்கும், மூச்சு சீராக இருக்கும். நாயும் மாடும் தடவினால் சந்தோஷப்படுகிற பிராணிகள், கூட்டமாக வாழ்ந்தவை. பாம்புக்கு நம் தடவல் தேவையில்லை. நம்மால் கெடுதல் வராது என்று அது தெரிந்துகொள்வதைத்தான் பழக்கம் என்கிறோம். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்த்தால் நமக்குத்தான் ஏமாற்றம்.

பனங்கிழங்கு:

கால்நடை மருத்துவம் படிக்கிறேன், சொந்த ஊர் சாயல்குடி. முத்துச்சிப்பி காக்கா (கீழக்கரைப் பக்கம் அண்ணனை இப்படித்தான் கூப்பிடுவார்கள்) சொன்னதோடு சில விஷயங்களைச் சேர்க்கிறேன்.

இரை எடுத்தபின் 48 மணி நேரம் தூக்கவே கூடாது. வயிறு புடைத்திருக்கும்போது தூக்கினால் கக்கிவிடும். கக்கும்போது வயிற்று அமிலமும் சேர்ந்து வருவதால் உணவுக்குழாய் புண்ணாகும். அப்படி ஆனால் அடுத்த இரைக்கு இரண்டு வாரம் பொறுக்க வேண்டியிருக்கும். அதேபோல் கண் பால் படர்ந்த மாதிரி நீலமாக மங்கினால் தோல் உரிக்கப் போகிறது என்று அர்த்தம். அந்த நாட்களில் பார்வை மங்கலாக இருக்கும், பழகிய பாம்பே சீறும். உரித்து முடிக்கும் வரை விட்டுவிடுங்கள். முதல் தடவை கையில் எடுக்கும்போது செதில் இடுக்கிலும் தாடைக்கு அடியிலும் மிளகைவிடச் சின்னதாகக் கறுப்புப் பூச்சி ஓடுகிறதா என்றும் பாருங்கள். உண்ணி இருந்தால் பாம்பு எரிச்சலில்தான் இருக்கும், என்ன பழக்கினாலும் பழகாது.

அப்பத்தாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவர் பயப்படுவது ஒருபக்கம் இருக்கட்டும். ஊர்வனவற்றின் மேல் சால்மொனெல்லா கிருமி இருக்கும், பாம்புக்கு நோயே இல்லாமல் இருந்தாலும் இருக்கும். ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைகள், வயதானவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு அது கடுமையாகப் படுத்தும். தொட்டபின் சோப்புப் போட்டுக் கைகழுவுவது கட்டாயம். தண்ணீர்க் கிண்ணத்தை அடுப்படித் தொட்டியில் கழுவாதீர்கள். இரை எலிக்குத் தனி டப்பா வையுங்கள், மீன் வைக்கும் குளிர்பெட்டியில் கலக்காதீர்கள்.

தேவிபட்டினம் புதியவன்:

எல்லாம் படித்தேன், ஆசையாக இருக்கிறது. எங்கள் பனந்தோப்பில் ஓலை அடுக்குக்குக் கீழே ஒரு சாரைக் குட்டி இருக்கிறது. காசு கொடுத்து வெளிநாட்டுப் பாம்பு வாங்குவதற்கு அதையே பிடித்து இதே முறையில் பழக்கலாமா?

முத்துச்சிப்பி:

வேண்டாம் தம்பி. தயவுசெய்து வேண்டாம். நம் நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வைக்கக் கூடாது, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது குற்றம். சட்டத்தை விடுங்கள், சாரை அந்தத் தோப்பில் இருப்பதால்தான் உங்கள் வீட்டில் எலி குறைவாக இருக்கிறது. அதைப் பெட்டியில் அடைத்தால் மூக்கைக் கண்ணாடியில் தேய்த்துத் தேய்த்தே புண்ணாக்கிக்கொள்ளும்.

பனங்கிழங்கு:

அது சாரைதான் என்று யார் சொன்னது என்பதுதான் என் கவலை. நம் பக்கத்து மணலிலும் சீமைக் கருவேலங்காட்டிலும் சுருட்டை விரியன் உண்டு. ஓலை அடுக்கிலும் செங்கல் குவியலிலும் கட்டுவிரியன் ஒதுங்கும். கண்ணாடி விரியனை மலைப்பாம்புக் குட்டி என்று நினைத்துக் கையில் எடுத்துக் கடி வாங்குவது நம் நாட்டில் திரும்பத் திரும்ப நடக்கிறது. பைத்தான் வளர்ப்பவர்களுக்குத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் கையில் பாம்பு எடுத்துப் பழகியவர்களுக்குப் பயம் விட்டுப்போயிருக்கும். பெட்டியில் இருப்பது ஒன்று, கொல்லையில் வருவது ஒன்று. கொல்லையில் வந்தால் தள்ளி நின்று வனத்துறைக்கோ தீயணைப்புக்கோ சொல்லுங்கள். கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது, வேர் அரைத்துக் குடிப்பது எதுவும் வேண்டாம். காலை அசைக்காமல் 108ஐக் கூப்பிட்டு விஷமுறிவு மருந்து இருக்கும் ஆஸ்பத்திரிக்கு நேராகப் போக வேண்டும்.

கச்சான்காற்று:

பாம்பன். கடலுக்குப் போகும் குடும்பம். பனங்கிழங்கு தங்கச்சி சொன்னது கடலுக்கும் பொருந்தும் என்பதால் எழுதுகிறேன். எங்கள் வலையில் கடல் பாம்பு வருவது சாதாரணம். வால் துடுப்பு மாதிரி தட்டையாக இருக்கும். பெரியவர்கள் கழியால் தள்ளிக் கடலில் விட்டுவிடுவார்கள். இப்போது சில பையன்கள் வாலைப் பிடித்துத் தூக்கிப் போட்டோ எடுக்கிறார்கள். கரைக்கு வந்தால் அது மந்தமாகத்தான் கிடக்கும், அதைப் பார்த்து சாது என்று நினைத்துவிடுகிறார்கள். அது கடித்தால் பெரும்பாலும் வலிகூடத் தெரியாது. சில மணி நேரத்தில் உடம்பெல்லாம் தசை வலிக்கும், சிறுநீர் கறுக்கும். நம் ஊர் ஆஸ்பத்திரியில் இருக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நாலுக்கும்தான் செய்தது, கடல் பாம்புக்கு இல்லை. மண்டபத்தான் வீட்டுப் பாம்பைப் பார்த்து அந்தத் தெருச் சிறுவர்கள் கடற்கரையில் கை வைத்துவிடக் கூடாது. காட்டும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மண்டபத்தான்:

எல்லோருக்கும் நன்றி. காக்கா கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒளிய ஒரே ஒரு தேங்காய் ஓடு வைத்திருந்தேன், அதில் பாதி உடம்புதான் நுழையும். பெட்டி இருந்தது கல்நார்க் கூரை போட்ட மாடி அறை. வெப்பமானி வாங்கி வைத்துப் பார்த்தேன், மத்தியானம் இரண்டு மணிக்குப் பெட்டிக்குள் 36 டிகிரி. எனக்குப் பகீர் என்றது.

முத்துச்சிப்பி:

அது சீறியதில் ஆச்சரியமே இல்லை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இராமநாதபுரம் கடற்கரையில் எல்லோரும் தப்பு செய்வது இங்கேதான். குளிர்நாட்டுக்காரர்கள் எடுத்த வீடியோவைப் பார்த்து நாம் சூடாக்கும் விரிப்பு வாங்குகிறோம். நமக்குச் சித்திரை, வைகாசியில் குளிர வைப்பதுதான் பாடு. பாம்புக்குச் சூடான ஓரத்தில் 31 முதல் 33 டிகிரி, குளிர்ந்த ஓரத்தில் 25 முதல் 27 வேண்டும். 35ஐத் தாண்டிப் பல மணி நேரம் இருந்தால் உயிருக்கே ஆபத்து. கீழ்த்தளத்தில், வெயில் படாத வடக்குச் சுவரோரம் வையுங்கள். மத்தியானம் ஜன்னலில் ஈரத்துணி தொங்கவிட்டு மின்விசிறி ஓடட்டும், காற்று நேராகப் பெட்டி மேல் படக் கூடாது. கரண்ட் போனால் களிமண் தண்ணீர்ப் பானையைப் பெட்டியின் ஒரு பக்கம் ஒட்டி வைத்தாலே கொஞ்சம் தணியும். மார்கழி ராத்திரியில் அறை 24 டிகிரிக்கு இறங்கும்போதுதான் விரிப்பு தேவைப்படும், அதையும் தெர்மோஸ்டாட், அதாவது சூடு அளவைத் தாண்டாமல் நிறுத்தும் கருவி, இல்லாமல் போடக் கூடாது. ஈரப்பதம் 55 முதல் 70 சதவீதம் வேண்டும். கடலோரத்தில் அது தானாகவே இருக்கும், காற்றோட்டம் இல்லாமல் போனால்தான் பூஞ்சை பிடித்து மூச்சுக்கோளாறு வரும்.

ஒளியும் இடம் இரண்டு வையுங்கள், சூட்டுப் பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. உடம்பு நான்கு பக்கமும் இடிக்கிற அளவுக்கு இறுக்கமாக இருக்க வேண்டும், பெரிதாக இருந்தால் அதற்குப் பாதுகாப்பாகத் தோன்றாது. கவிழ்த்த மண்சட்டியில் ஒரு வாசல் உடைத்து, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துவிட்டாலே போதும்.

கச்சான்காற்று:

அதிர்வையும் கவனியுங்கள் அண்ணே. பாம்புக்கு வெளிக்காது இல்லை, தரை அதிர்வு தாடை வழியாக உள்ளே போகும். என் தங்கை வீடு பாம்பனில் தண்டவாளத்தை ஒட்டி இருக்கிறது. 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நின்ற பிறகு அவள் மகன் ஒரு கார்ன் பாம்பு வாங்கினான். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்து ரயில் மறுபடி வந்ததும் பத்து நாள் அது வெளியே தலை காட்டவில்லை. மேசைக் காலுக்கு அடியில் தடித்த ரப்பர் துண்டு வைத்தோம், பிறகு சரியானது.

மண்டபத்தான்:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். கீழே மாற்றிவிட்டேன், இரண்டு மண்சட்டி வைத்தேன். பதினோராம் நாள் ராத்திரி முதல் எலியை எடுத்தது. நேற்று இரண்டாவது. நானும் அம்மாவும் கதவு இடுக்கில் நின்று மூச்சு விடாமல் பார்த்தோம். இனி எப்படி எடுப்பது? இன்னும் பயமாகத்தான் இருக்கிறது.

முத்துச்சிப்பி:

அல்ஹம்துலில்லாஹ், சந்தோஷம் தம்பி. இரண்டு நாள் பொறுத்துவிட்டுத் தொடங்குங்கள். விளக்கேற்றும் நேரம் நல்லது, அது தானாக விழிக்கும் நேரம். எலி, கோழி, மீன் எதன் வாசனையும் இல்லாமல் கைகழுவுங்கள், வாசனை சோப்பு வேண்டாம். தரையில் உட்காருங்கள், கை தவறினாலும் விழாது.

சுருட்டிய காகிதத்தால் அதன் உடம்பின் நடுவில் மெல்ல ஒரு தட்டு. இரை தருகிற இடுக்கி இப்படித் தட்டாது, அதனால் தட்டினால் சாப்பாடு இல்லை என்று சில வாரத்தில் புரிந்துகொள்ளும். பிறகு பக்கவாட்டில் கையை நுழைத்து, நடு உடம்பை அடியில் இருந்து தாங்கி எடுங்கள். தலையையும் கழுத்தையும் தொடாதீர்கள், வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள். தயங்கித் தயங்கி நீட்டினால்தான் கொத்தும். ஒரே சீராக, மெதுவாகப் போனால் பெரும்பாலும் விட்டுவிடும். எடுத்தபின் பிடிக்கவே வேண்டாம், மரக்கிளை மாதிரி இருங்கள். ஒரு கையில் இருந்து நகர்ந்தால் மறுகையைக் கீழே கொடுங்கள். முதல் வாரம் ஐந்து நிமிடம், வாரத்துக்கு இரண்டு தடவை. அடுத்த மாதம் பத்து நிமிடம், பிறகு கால் மணி.

கடித்தாலும் விஷமில்லை. பல் உள்நோக்கி வளைந்தது, வெடுக்கென்று இழுத்தால் உங்கள் தோலும் கிழியும், அதன் பல்லும் உடையும். கவ்விக்கொண்டால் அசையாமல் இருங்கள், வாயோரம் குளிர்ந்த தண்ணீரைச் சொட்டுங்கள், விட்டுவிடும். சோப்பால் கழுவி, டெட்டனஸ் தடுப்பூசி போட்டு நாளாகியிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

தொண்டிக்கரை:

அண்ணன் சொன்ன முறை நன்றாக இருக்கிறது, இரை எடுக்கும்வரை விட்டது சரி என்று இப்போது நானும் ஒப்புக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். கையில் இருக்கும்போது சீறியதும் உடனே பெட்டிக்குள் விடக் கூடாது. சீறினால் விட்டுவிடுவார்கள் என்று கற்றுக்கொள்ளும். ஒரு நிமிடமாவது அமைதியாகும்வரை வைத்திருந்து பிறகு விடுங்கள்.

பனங்கிழங்கு:

எனக்கு அதில் பாதிதான் சம்மதம் அண்ணே. லேசான சீறல் என்றால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் கழுத்தை எஸ் மாதிரி வளைத்து, மூச்சு வேகமாகி, நாக்கை நீட்டுவதையே நிறுத்திவிட்டால் அதைப் பிடித்து வைத்துக் கற்றுக்கொடுக்க முடியாது. பயம் உச்சத்தில் இருக்கும் உயிர் பயத்தை மட்டும்தான் கற்கும். அந்த நிலைக்கு வராதபடி சீக்கிரமாக முடிப்பதுதான் நம் வேலை. அப்புறம், இரை கொடுக்கத் தனிப் பெட்டிக்கு மாற்றச் சொல்வார்கள், கை நினைவுக்கும் இரை நினைவுக்கும் முடிச்சுப் போடாமல் இருக்க என்று. நான் சொல்ல மாட்டேன். சாப்பிட்ட வயிற்றோடு தூக்கித் திரும்ப விட வேண்டியிருக்கும்.

வேதாளை அக்கா:

தம்பி, என் மகனும் பாம்பு வளர்க்கிறான், ஒரு அம்மாவாகச் சொல்கிறேன். உங்கள் அப்பத்தாவைக் கட்டாயப்படுத்தாதீர்கள். நாங்கள் செவ்வாய், வெள்ளியில் புற்றுக்குப் பால் ஊற்றிக் கும்பிட்டு வளர்ந்தவர்கள். அந்த மரியாதையும் பயமும் ஒரே நாளில் போகாது, போகவும் வேண்டாம். எனக்கு ஏழு மாதம் ஆனது. மகன் தினமும் கதவைத் திறந்து வைத்தே தண்ணீர் மாற்றுவான். நான் தூரத்தில் அரிசி புடைத்துக்கொண்டே பார்ப்பேன். ஒருநாள் நானே எழுந்து போய் நின்றேன். பெட்டிக்குப் பூட்டுப் போடுங்கள், அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு ராத்திரி தூக்கம் வந்தது.

மண்டபத்தான்:

பூட்டு இன்றே வாங்குகிறேன் அக்கா. இன்னொரு சந்தேகம். நன்றாகப் பழகிய பிறகு தனுஷ்கோடி மணலுக்குக் கொண்டுபோய்ப் படம் எடுக்க ஆசை. செய்யலாமா?

முத்துச்சிப்பி:

கூடாது தம்பி. மணல் கொதிக்கும், காற்று வெட்டவெளியில் அடிக்கும், ஒளிய ஒரு நிழல் கிடையாது. இத்தனை வாரம் நீங்கள் சேர்த்த நம்பிக்கை ஒரு மத்தியானத்தில் போய்விடும். சுற்றுலா வந்தவர்கள் கூடி மிரண்டு, யாராவது கல் எடுப்பார்கள். கைதவறி விட்டுவிட்டால் அந்த மண்ணுக்குச் சொந்தமில்லாத உயிர் அங்கே திரியும்.

பதிவு செய்தீர்களா? இந்த ஜாதி சைட்டிஸ் பட்டியலில், அதாவது காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ளது. 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில், வாங்கிய 30 நாளுக்குள் பதிய வேண்டும். ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

மண்டபத்தான்:

பதிந்துவிட்டேன் காக்கா, இருபத்தேழாம் நாள்.

இன்று ஐம்பத்திரண்டாம் நாள். இதுவரை பன்னிரண்டு தடவை எடுத்திருக்கிறேன். நடுவில் தோல் உரித்தபோது ஒன்பது நாள் தொடவில்லை. ஐந்தாம் தடவை ஒரு கொத்து விழுந்தது, விரலில் நாலு ஊசிக்குத்து மாதிரி ரத்தம். நான்தான் கோழி வெட்டிய கையோடு அவசரமாகப் போனேன். அடுத்த தடவை எடுக்க மூன்று நாள் தைரியம் வரவில்லை.

நேற்று சாயங்காலம் தட்டிவிட்டுக் கையைப் பக்கத்தில் வைத்து, எடுக்காமல் சும்மா காத்திருந்தேன். சட்டியில் இருந்து தலையை நீட்டியது. நாக்கால் விரலை மோந்தது. அப்புறம் தானே உள்ளங்கையில் ஏறி, மணிக்கட்டைச் சுற்றி, முழங்கை வரை வந்து அங்கே கொஞ்ச நேரம் இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பத்தா வாசற்படியில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். உரல் சத்தம் நின்றுவிட்டது. உள்ளே வரவில்லை. "அது கண்ணுல இமையே இல்லையாடா?" என்று அங்கிருந்தே கேட்டார்.